அசுவினியும் அதன் பகைவரும்: பருத்தி அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

நமது சங்கங்களின் அங்கத்தினர்களுள் பருத்தி விளைவிப்போரும் உளர்; பஞ்சினின்று நூற்ற நூலைத் தறியிலேற்றி நெய்வோரும் உளர். ஒருவர் காட்டில் நிகழ்வது மற்றவர் தறியில் தெரிகிறது என்பதை இரு சாராரும் எப்போதும் நினைப்பதில்லை. பருத்தி இலையின் அடிப்புறத்தில் மொய்க்கும் அசுவினி என்னும் சிறு பூச்சி இவ்விரு தொழிலையும் தொடுகின்ற ஒன்று. செடிப்பேன் என்றும் இதனைச் சொல்வதுண்டு. இம்மாதப் பாடத்தை இதனைப் பற்றியே அமைத்துக்கொண்டோம். பாடத்தின் முடிவில் சில வினாக்களும் தந்திருக்கிறோம். அங்கத்தினர் கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டு விவாதிப்பது நன்று.

பாடத்துக்குள் புகுமுன் நம்முடைய தவறொன்றைச் சொல்லிவிடுகிறோம். ஆய்வாளராகப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், கரிசல் பகுதியிலுள்ள ஒரு சங்கத்தைப் பரிசீலிக்கச் சென்றிருந்தோம். பயிர்க் கடனில் பூச்சி மருந்துக்கென ஒதுக்கிய பகுதியை அங்கத்தினர் பலர் எடுக்காமல் விட்டிருந்தனர். மருந்துப் புட்டிகள் கிடங்கில் தேங்கிக் கிடந்தன. நாம் பட்டதாரிதான், ஆனால் படித்தது வணிகவியல். தேங்கிய சரக்கு நட்டம் என்பது மட்டுமே நமக்குத் தெரிந்திருந்தது. “காட்டில் அசுவினி விழுந்திருக்கும்போது மருந்து விற்காமல் இருப்பானேன்?” என்று செயலரைக் கடிந்துகொண்டதோடு, பரிசீலனைக் குறிப்பிலும் அதனை எழுதிவைத்தோம். சில வாரங்களில் சரக்குத் தீர்ந்தது. நமக்கும் திருப்தியாயிற்று.

அடுத்த முறை சென்றபோது முதிய அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தம் காட்டிற்கு அழைத்துப் போனார். அவருக்கு மானாவாரிப் பருத்தி மூன்று ஏக்கர். மகன் தறி நெய்கிறவர்.

“ஐயா, நீங்கள் சொன்னீர்கள் என்று சங்கத்தில் மருந்து வாங்கி அடித்தேன். எட்டு நாள் காடு சுத்தமாக இருந்தது. அப்புறம் முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடியும் அடித்தேன்; மறுபடியும் வந்தது. மூன்று தடவை ஆயிற்று. வரப்புக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி காடு. அவள் கையில் காசில்லை, அடிக்கவில்லை. அதையும் வந்து பாருங்கள்” என்றார்.

பார்த்தோம். தங்கையின் காட்டிலும் இலைகள் சில சுருண்டிருந்தன. ஆனால் செடிக்குச் செடி பொறிவண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. இலையடியில் அசுவினிகள் பல வெறும் கூடுகளாக ஒட்டிக்கொண்டிருந்தன. அண்ணன் காட்டில் பொறிவண்டு ஒன்றையும் காணோம். அவ்வாண்டு தங்கைக்கு மகசூல் மிகுதியாகக் கிடைத்தது என்று சொல்ல மாட்டோம். இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. அண்ணனுக்கு மட்டும் மூன்று தெளிப்புக்குரிய கடன், வட்டியோடு, மேலதிகமாக நின்றது. தவணை தவறியோர் பட்டியலில் அவர் பெயர் ஏறியபோது, அப்பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டவர் நாமே.

அதன் பின்னரே வேளாண்மை அலுவலர்களைக் கேட்டும் நூல்களைத் தேடியும் இப்பொருளைக் கற்கத் தொடங்கினோம். கற்றதில் அங்கத்தினர்க்கு வேண்டியதைக் கீழே தருகிறோம்.

1. அசுவினியின் இயல்பு

அசுவினி மெல்லிய உடலுடையது, கடுகினும் சிறியது. பருத்தியில் காணப்படுவது மஞ்சள், பச்சை, கரும்பச்சை எனப் பல நிறங்களில் இருக்கும். ஊசி போன்ற வாயை இலையின் சாற்றுக் குழாயில் செலுத்தி உறிஞ்சிக்கொண்டே இருக்கும். செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி, புரதச் சத்துக் குறைவு. தனக்கு வேண்டிய புரதத்தைப் பெற அசுவினி ஏராளமான சாற்றைக் குடிக்க வேண்டியிருக்கிறது. வேண்டாத சர்க்கரையைத் தேன்போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. அசுவினி விழுந்த செடியின் கீழ் இலைகள் பளபளவென்று பிசுபிசுப்பதும், எறும்புகள் வரிசை வைத்து ஏறுவதும் இதனாலேயே. நாளடைவில் அத்தேன்மீது கரும்பூசணம் படர்ந்து இலை கறுக்கிறது.

இப்பூச்சியின் பெருக்கம் வியப்பானது. நம் நாட்டைப் போன்ற வெப்பப் பகுதிகளில் பெண் அசுவினி ஆணின் துணையின்றியே ஈனுகிறது. முட்டையிட்டுப் பொரிக்கக் காத்திராமல் குஞ்சுகளையே ஈனுகிறது. அக்குஞ்சுகளும் பெண்களே. ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் அவையும் ஈனத் தொடங்கிவிடும். கூட்டம் நெருக்கமானால் இறக்கையுள்ளவை தோன்றிப் பக்கத்துக் காட்டுக்குப் பறக்கும்.

2. ஒரு சிறு கணக்கு

அங்கத்தினர்கள் கணக்குக்குப் பழகியவர்கள். இதனையும் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு தாய் தன் ஆயுளில் 40 குஞ்சுகள் ஈனுவதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் பிழைத்தால் இரண்டாம் தலைமுறையில் 1,600. மூன்றாம் தலைமுறையில் 64,000. ஒரு மாதம் அளவில் ஒரு தாயின் வழியே இத்தனை என்றால், ஒரு காட்டில் ஓர் இலைகூட மிஞ்சலாகாது. ஆனால் பெரும்பாலான ஆண்டுகளில் பெரும்பாலான காடுகள் மிஞ்சுகின்றன. எப்படி?

40 குஞ்சுகளில் 39 இறந்து ஒன்றே தாயானால் தொகை ஏறாது, இறங்காது. நம் காட்டில் அசுவினி பெருகாமல் நிற்கிறது என்றால், யாரோ நாற்பதில் முப்பத்தொன்பதைக் கொன்றுகொண்டிருக்கிறார்கள் என்பது பொருள். மழை சிலவற்றை அடித்துக்கொண்டு போகிறது. வெயில் சிலவற்றை வாட்டுகிறது. மற்ற வேலையின் பெரும்பங்கு, கூலி கேளாத உயிர்களால் நடைபெறுகிறது. 39 என்பது 38 ஆகக் குறைந்தாலோ, இரண்டு தாய்கள் எஞ்சுகின்றன. ஒவ்வொரு தலைமுறையிலும் தொகை இரட்டிக்கிறது. ஒரே ஓர் எண்ணின் வேற்றுமையில் காடு தப்புவதும் வீணாவதும் அடங்கியிருக்கின்றன.

3. பகைவர் யாவர்?

அசுவினியின் பகைவரை அங்கத்தினர் ஒவ்வொருவரும் கண்ணால் கண்டு பெயர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெயர் தெரியாதவனைத் திருடனென்று அடித்துவிடுதல் எளிது.

முதலாவது, பொறிவண்டு. செம்மஞ்சள் முதுகில் கறுப்புக் கோடுகளும் புள்ளிகளும் உடைய வண்டு. வண்டைப் பலரும் அறிவர். அதன் புழுவை அறிந்தோர் சிலரே. புழு கருநிறமாய், நீண்டு, மஞ்சள் அல்லது வெள்ளைத் திட்டுகளோடு, சிறிய முதலையைப் போல் தோன்றும். பார்த்தால் அச்சந்தரும். “புதுப் புழு விழுந்திருக்கிறது” என்று இதனைக் கொல்ல மருந்து வாங்கியவர்களை நாம் அறிவோம். வண்டைப் போலவே இப்புழுவும் அசுவினியை உண்டு வளர்கிறது; வளர்ந்து முடியுமுன் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். சிறுவகைப் பொறிவண்டு ஒன்றின் புழு உடல் முழுதும் வெண்மெழுகு பூசி மாவுப் பூச்சியைப் போலவே இருக்கும். மாவுப் பூச்சி நகர்வது அரிது. இப்புழு விரைந்து ஊரும். அதுவே அடையாளம்.

இரண்டாவது, பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. இதன் முட்டை மயிரிழை போன்ற காம்பின் நுனியில் தனித்து நிற்கும். முட்டையினின்று வரும் புழுவின் வாயில் இரு கொடுக்குகள் உண்டு. அவற்றால் அசுவினியைக் கவ்வி உறிஞ்சிவிடும்.

மூன்றாவது, மலர்களின்மேல் ஓரிடத்தில் நின்றபடி சிறகடிக்கும் சிர்பிட் ஈ. ஈ தேனுண்டு வாழும்; காலில்லாத அதன் புழு அசுவினிக் கூட்டத்தினுள் கிடந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தின்னும்.

நான்காவது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒட்டுண்ணிக் குளவி. இது அசுவினியின் உடலுக்குள் முட்டையிடுகிறது. உள்ளிருக்கும் புழு அசுவினியைத் தின்று முடித்ததும், அசுவினியின் தோல் உப்பி, வைக்கோல் நிறத்திலோ கறுப்பாகவோ மாறி, இலையில் ஒட்டிக்கொள்ளும். முதியவரின் தங்கை காட்டில் நாம் கண்ட வெறும் கூடுகள் இவையே. கூட்டில் வட்டமாக ஒரு துளை இருந்தால் குளவி வெளிவந்துவிட்டது. துளை இல்லையேல் இனி வரப்போகிறது.

ஈரமும் மூட்டமும் நீடிக்கும் நாட்களில் ஒருவகைப் பூசண நோயும் அசுவினிக் கூட்டங்களை அழிப்பதுண்டு.

எறும்பு மட்டும் எதிர்க்கட்சி. அது தேனுக்காக அசுவினியைக் காத்து, பொறிவண்டை விரட்டுகிறது.

4. மருந்தடித்த பின் பெருகுவதேன்?

முதியவரின் வினாவுக்கு இப்போது விடை கூறலாம். ஒரு செடியில் 1,000 அசுவினிகள் இருப்பதாகக் கொள்வோம். நல்ல மருந்து, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தைக் கொன்றுவிட்டது. எஞ்சியவை 50. காடு சுத்தமாகத் தோன்றும். ஆனால் அதே மருந்து பொறிவண்டையும் புழுவையும் குளவியையும் கொன்றுவிட்டது. முன்பு நாற்பதில் ஒன்று பிழைத்தது, இப்போது தடுப்பாரின்றிப் பத்து பிழைப்பதாக வைத்துக்கொண்டாலும், 50 என்பது அடுத்த தலைமுறையில் 500, அதற்கடுத்ததில் 5,000. ஆயிரம் இருந்த இடத்தில் மூன்று வாரங்களுக்குள் ஐயாயிரம்!

பொறிவண்டு ஏன் உடனே திரும்பவில்லை? அது முட்டையிட்டு, பொரித்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாக அசுவினியைவிட நாட்கள் அதிகம் வேண்டும். இரை நிறையப் பெருகிய பின்னரே அதன் கூட்டமும் பெருகும். அந்த இடைவெளியில் அங்கத்தினர் பொறுமையிழந்து மறுபடி தெளிக்கிறார். வந்து சேர்ந்த சில பகைவரும் மாள்கின்றனர். கடன் புத்தகத்தில் இன்னொரு வரி ஏறுகிறது. ஒரே மருந்தை மேன்மேலும் தெளித்தால், அதற்குச் சாகாத அசுவினி மட்டும் எஞ்சிப் பெருகும் என்பது வேறொரு தீங்கு.

பி.டி. பருத்தி பயிரிடுவோர் ஒன்று நினைவிற்கொள்ள வேண்டும். 2002ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனுமதிக்கப்பட்ட அப்பருத்தியின் காப்பு காய்ப்புழுவுக்கு எதிரானது; சாறு உறிஞ்சும் அசுவினியை அது தொடாது. காய்ப்புழுவுக்கென அடிக்கும் மருந்து குறையும் இடத்தில் பகைவர் பிழைத்திருக்க இடமுண்டு என்பதே அதனால் விளையும் மறைமுக நன்மை.

5. செடி எவ்வளவு தாங்கும்?

பகைவர் வந்து சேரும்வரை செடி தாங்குமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பணியாற்றிய ரெஜினால்ட் பெயின்டர் என்னும் அறிஞர் 1951ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பூச்சிக்கு எதிராகச் செடிக்குள்ள ஆற்றலை மூவகையாகப் பிரித்தார். பூச்சி விரும்பி வராதிருத்தல் ஒன்று. வந்தாலும் உண்டு பெருக முடியாமற்போதல் இரண்டு. பூச்சி வந்து உண்டு பெருகினாலும் செடி அதனைத் தாங்கி விளைச்சல் தருதல் மூன்று. மூன்றாவதையே தாங்கும் ஆற்றல் என்கிறோம்.

பருத்தி இவ்வாற்றல் வாய்ந்த பயிர். அது வைக்கும் சப்பைகளிலும் பிஞ்சுகளிலும் பாதிக்கு மேற்பட்டவை பூச்சியே இல்லாவிடினும் இயல்பாக உதிர்ந்துபோகும். தொடக்கத்தில் சில இலைகள் சுருண்டாலும், சில சப்பைகள் வீழ்ந்தாலும், பின்னர் வைக்கும் சப்பைகளை அதிகமாக நிறுத்திக்கொண்டு செடி ஈடுசெய்துவிடும். ஆதலால் “இலை சுருண்டது, மகசூல் போயிற்று” என்று முடிவுகட்டலாகாது. தங்கையின் காட்டில் சுருண்ட இலைகள் விளைச்சலில் தெரியாமற்போனது இதனாலேயே.

இவ்வாற்றல் எல்லாச் செடிக்கும் எல்லா வேளையிலும் ஒன்றன்று. இரண்டு மூன்று இலை விட்ட நாற்றுப் பருவத்தில் குறைவு. வறட்சியில் வாடிய செடிக்குக் குறைவு. தழைச்சத்தை அளவுக்குமேல் இட்டால் இலை கரும்பச்சையாய், சதைப்பற்றாய் வளரும். அசுவினிக்கு அதுவே விருந்து. அரை மூட்டை யூரியாவை மிகுதியாக இட்டு அசுவினியை அழைத்தவர், பின்பு மருந்துக்கும் செலவிடுகிறார். இரண்டு செலவும் ஒரே கடன் கணக்கில் சேர்கின்றன.

இரகத்திலும் வேற்றுமை உண்டு. 1901ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட கருங்கண்ணி முதலிய நாட்டுப் பருத்திகள், சாறு உறிஞ்சும் பூச்சிகளை அமெரிக்க இனப் பருத்திகளைக் காட்டிலும் நன்கு தாங்குவன. அவற்றின் பஞ்சு குட்டை இழையாதலின் மெல்லிய நூலுக்கு ஆகாது. நெசவாளர்க்கு வேண்டிய நீள இழை இரகங்களுக்குக் கவனிப்பு அதிகம் தேவை. இலையில் மயிர் அடர்ந்த இரகம் தத்துப்பூச்சியைத் தடுக்கும். ஆனால் அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அது இடங்கொடுப்பதுண்டு. ஆகவே எல்லாவற்றையும் தடுக்கும் இரகம் என்று எவரேனும் விற்க வந்தால் இரண்டு முறை கேட்டுக்கொள்க.

6. இரண்டு சான்றுகள்

அமெரிக்காவில் குதிரை மசால் பயிரை 1954ஆம் ஆண்டு முதல் புள்ளி அசுவினி என்னும் புதிய பூச்சி தாக்கியது. கலிபோர்னியாவில் முதலில் கடுமருந்துகளை வீசினர். பூச்சி மருந்துக்குப் பழகிற்று, பகைவர் மாண்டனர். பின்னர் வெளிநாடுகளினின்று ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொணர்ந்து விட்டனர். தாங்கும் இரகங்களை விதைத்தனர். மருந்து தேவைப்பட்ட இடத்தில், பகைவரை மிச்சம் வைக்கும் மருந்தைக் குறைந்த அளவில் பயன்படுத்தினர். இவ்வனுபவத்திலிருந்து ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் ஆகிய நால்வர் 1959ஆம் ஆண்டு ஒரு கொள்கையை வகுத்தனர். பூச்சி இருக்கிறது என்பதற்காகத் தெளிக்காதீர். அது விளைவிக்கப்போகும் நட்டம் தெளிக்கும் செலவை எட்டுமுன் தடுக்கவேண்டிய நிலை வந்தால் மட்டுமே தெளிப்பீர் என்பது அதன் சாரம். பொருளாதாரச் சேத நிலை என்று இன்று நம் வேளாண்மை அலுவலர்கள் சொல்வது இதன் வழி வந்ததே.

மற்றது நம் நாட்டுச் சான்று. 2002ஆம் ஆண்டில் மகாராட்டிரத்தின் சாங்லிப் பகுதியில் கரும்பை வெண்பஞ்சு போர்த்த கம்பளி அசுவினி தாக்கியது. கர்நாடகம், தமிழ்நாடு எனப் பரவியது. ஆளுயரம் வளர்ந்த கரும்புக்குள் புகுந்து மருந்தடிப்பது எளிதன்று. ஆனால் அசுவினியைத் தொடர்ந்து அதன் பகைவரும் வந்தனர். டைஃபா என்னும் அந்துப்பூச்சியின் புழுவும், மைக்ரோமஸ் என்னும் பழுப்பு இறக்கைப் பூச்சியும், என்கார்சியா என்னும் சிறு குளவியும் அவை. பகைவர் மிகுந்த தோட்டத்தின் இலைத்துண்டுகளை வெட்டி, பகைவர் இல்லாத தோட்டத்தில் கட்டி அவற்றைப் பரப்பினர். சில ஆண்டுகளில் அத்தாக்குதல் அடங்கிற்று. ஒருவர் தோட்டத்துப் பூச்சி மற்றவர் தோட்டத்தைக் காத்த இச்செயலைக் கூட்டுறவு என்றே நாம் கொள்கிறோம்.

7. பொறுத்திருக்கலாகாத இடங்கள்

மருந்தே வேண்டா என்பது இப்பாடத்தின் கருத்தன்று. இரண்டு இடங்களில் பொறுமை நட்டந்தரும்.

ஒன்று, அசுவினி நச்சுயிரி நோயைப் பரப்பும் பயிர்கள். வாழையில் முடிக்கொத்து நோயைப் பரப்புவது ஒருவகை அசுவினியே. பழனி மலைச்சரிவின் விருப்பாட்சி வாழை இந்நோயால் பெரிதும் குன்றிற்று. இங்கே பூச்சியை எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. சில பூச்சிகளே போதும். நோயற்ற கன்றை நடுதலும், நோய்கண்ட மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழித்தலுமே வழி.

மற்றது, பருத்திக் காய் வெடித்த பருவம். நெசவாளர் அங்கத்தினர்கள் இதனைக் கவனித்துக் கேட்க வேண்டுகிறோம். காய் வெடிக்குமுன் இலையில் விழும் தேன் இலையோடு போம். வெடித்தபின் அது பஞ்சின்மேல் விழுகிறது. கரும்பூசணம் படர்ந்தால் பஞ்சின் வெண்மை கெடும். பூசணம் இல்லாவிடினும் சர்க்கரை பஞ்சில் தங்கிவிடும். ஆலையில் அப்பஞ்சு ரோலர்களில் ஒட்டிச் சுற்றிக்கொள்கிறது. இயந்திரத்தை நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. நூலில் தடிப்பும் மெலிவும் தோன்றுகின்றன. அத்தகைய நூல் பாவில் ஏறினால் மெலிந்த இடத்தில் அறுகிறது. நெசவாளர்க்குக் கூலி நெய்த துணிக்கே. அறுந்த இழையைத் தேடி முடிந்த நேரத்துக்குக் கூலி இல்லை.

சூடான் நாட்டின் கெசிராப் பாசனப் பகுதிப் பருத்தி, வெள்ளை ஈயும் அசுவினியும் விட்ட தேனால் ஒட்டும் பருத்தி என்று உலகச் சந்தையில் பெயர் கெட்டு விலை குறைந்தது. அங்கும் இடைவிடாத மருந்துத் தெளிப்பு பகைவரை அழித்து, சாறு உறிஞ்சும் பூச்சிகளை வளர்த்தது ஒரு காரணமாயிற்று.

ஆகவே காய் வெடிக்கும் பருவத்தில் அசுவினி மிகுந்தால் தாமதிக்கலாகாது. வெடித்த காய்களை விட்டுவைக்காமல் எடுத்துவிடுதல் முதல் வேலை. பிசுபிசுத்த பருத்தியைத் தனியே குவித்து, தனியே எடையிடுக. நல்லதோடு கலந்தால் முழுக் குவியலும் கெடும். நம் சங்கத்தின் பெயரும் அதனோடு கெடும்.

8. எண்ணிப் பார்க்கும் முறை

வாரம் ஒருமுறை, காலை வேளையில், காட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக நடக்க. வழியில் இருபது செடிகளைத் தேராமல் நிறுத்திப் பார்க்க. வரப்போரத்துச் செடிகளை மட்டும் பார்ப்பது ஏமாற்றும். ஒவ்வொரு செடியிலும் மேல், நடு, கீழ் என மூன்று இலைகளின் அடிப்புறத்தைத் திருப்புக. அசுவினி எத்தனை செடிகளில் உண்டு, பொறிவண்டு, புழு, உப்பிய கூடு எத்தனை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்க.

ஐதராபாத்திலுள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம், தீமை செய்யும் பூச்சி இரண்டுக்கு நன்மை செய்யும் பூச்சி ஒன்று இருந்தால் மருந்தைத் தவிர்க்கலாம் என்பதைப் பொதுவிதியாகச் சொல்கிறது. பகைவர் உண்ணும் அளவுக்கேற்ப இது மாறும் என்றும் சொல்கிறது. நாளொன்றுக்குப் பல அசுவினிகளைத் தின்னும் பொறிவண்டுப் புழு ஒன்று, இரண்டுக்கு மேலும் ஈடாகும்.

ஒருமுறை எண்ணியதைக் கொண்டு முடிவு செய்ய வேண்டா. நான்கைந்து நாள் கழித்து மறுபடி எண்ணுக. அசுவினி குறைந்து கூடும் வண்டும் மிகுந்தால், கையைக் கட்டிக்கொண்டிருப்பதே நல்ல வேலை. அசுவினி ஏறி, பகைவர் ஏறாதிருந்தால், தாளை எடுத்துக்கொண்டு வேளாண்மை அலுவலரிடம் செல்க. அவர் உங்கள் இரகத்துக்கும் பருவத்துக்கும் உரிய சேத நிலையைக் கூறுவார். முதல் தெளிப்பாக 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து ஊறவைத்து வடித்த சாறு பகைவர்க்குக் கெடுதல் குறைந்தது. அசுவினி திட்டுத்திட்டாக இருந்தால் அத்திட்டுகளில் மட்டும் தெளித்தல் போதும்.

பருத்திக்கிடையே தட்டைப்பயறு விதைப்பதும் நற்பயன் தரும். தட்டைப்பயற்றில் வரும் கரிய அசுவினி வேறினம். அதனை உண்டு முன்கூட்டியே பெருகும் பொறிவண்டுகள், பருத்திக்குத் தேவை வரும்போது பக்கத்திலேயே இருக்கும்.

9. சங்கம் செய்யக்கூடியவை

முதலாவது, மருந்து விற்பனையை இலக்காகக் கொண்டு சங்கத்தின் திறமையை அளக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இதனை அங்கத்தினர்க்கு முன் ஆய்வாளர்களாகிய நமக்கே சொல்லிக்கொள்கிறோம். கிடங்கில் எஞ்சிய புட்டி நட்டமானால், தேவையின்றித் தெளித்த புட்டி அதனினும் பெரிய நட்டம். அது அங்கத்தினர் கணக்கில் போய் மறைவதால் சங்கத்தின் ஏட்டில் தெரிவதில்லை. தவணை தவறும்போதே தெரிகிறது. தேவைக்கு மேல் கொள்முதல் செய்யாதிருப்பதே முறை.

இரண்டாவது, சங்கத்துக்கு ஒரு கைக்கண்ணாடி வாங்குக. பருவகாலத்தில் வாரம் ஒருநாளை எண்ணும் நாளாக வைத்து, எண்ணிக்கையைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதுக.

மூன்றாவது, ஆண்டுக்கு ஒருமுறையேனும் நெசவாளர் அங்கத்தினரைப் பருத்திக் காட்டுக்கும், பருத்தி அங்கத்தினரைத் தறிக்கூடத்துக்கும் அழைத்துச் செல்க. அறுந்த பாவைக் கண்ணால் கண்டவர் பிசுபிசுத்த பருத்தியை நல்லதோடு கலக்க மாட்டார்.

முதலில் குறித்த முதியவர் மறு ஆண்டும் பருத்தியே விதைத்தார். கடன் மனுவில் மருந்துப் பகுதியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தார். செயலர் நம் முகத்தைப் பார்த்தார். “அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்” என்றோம். நிலுவையை அவர் இரண்டு தவணைகளில் அடைத்தார். அக்காட்டில் வாரந்தோறும் எண்ணுபவர் இப்போது அவர் தங்கை. எண்ணிய தாளைச் சங்கத்துக்குக் கொண்டுவருபவரும் அவரே.

கூட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. பொறிவண்டின் புழுவையும் உப்பிய அசுவினிக் கூட்டையும் உங்கள் காட்டிலிருந்து இலையோடு கொண்டுவந்து காட்டுக. கூட்டத்தில் எத்தனை பேர் பெயர் சொன்னார்கள்?

2. சென்ற பருவத்தில் நீங்கள் தெளித்தது எத்தனை முறை? ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்த்துத் தெளித்தீர்களா, பக்கத்துக் காட்டைப் பார்த்துத் தெளித்தீர்களா?

3. அச்செலவைச் சங்கக் கடனோடு ஒப்பிடுக. வட்டியோடு எவ்வளவு ஆகிறது?

4. நெசவாளர் அங்கத்தினர்க்கு: சென்ற மாதம் எந்த நூலில் பாவு அதிகம் அறுந்தது? அந்நூல் எங்கிருந்து வந்தது என்று சங்கத்தில் கேட்டறிந்தீர்களா?

5. உங்கள் சங்கத்தில் எண்ணும் நாளாக எந்தக் கிழமையை வைக்கலாம்? அன்று காட்டுக்கு யார் செல்வது?